சாரட்டில் ஏற்றியது போதும், மைதானத்தைக் கொடுங்கள்

இந்தியாவுக்காக 7 ஆட்டங்கள், 13 விக்கெட்டுகள். முதல் ஆட்டம் 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில். இதுவரைக்கும் கடைசியாக நிற்கும் ஆட்டம் 2021 மார்ச் 28 அன்று புனேயில். இடையில் நான்கு மாதம்கூட நிறையவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜனின் சர்வதேசக் கிரிக்கெட் வாழ்க்கை அவ்வளவுதான். முதல் ஆட்டத்தில் களமிறங்கியபோது அவருக்கு வயது 29. வேகப்பந்து வீசுகிறவனின் உடம்பு உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கும் வயது. அந்த 29 வருடத்தில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்ன, அதைக் கொடுக்காமல் விட்டவர்கள் யார், அதே தவறு இன்றைக்கும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஏன் தொடர்கிறது என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

ஓசூர்க்காரர்களுக்குச் சின்னப்பம்பட்டி அந்நிய ஊர் அல்ல. 1965இல் தருமபுரி தனியாகப் பிரியும்வரை இந்த வட்டாரம் முழுவதும் பழைய சேலம் ஜில்லாதான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சேலத்தில்தான் வக்கீலாக இருந்தார், அந்நகரசபைக்கே தலைவராகவும் ஆனார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9இல். மாவட்ட எல்லைகள் மாறின. தறி ஓட்டியும் கூலிக்குப் போயும் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களின் நிலைமை மாறவில்லை. சின்னப்பம்பட்டியில் தறிப்பட்டறை என்றால் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே நடராஜனின் அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை போட்டார்; இங்கே ஒரு தாய் நிறுவன கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். பிள்ளை கையில் இருப்பது அங்கேயும் டென்னிஸ் பந்து, இங்கேயும் டென்னிஸ் பந்து.

2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊர் திரும்பிய நடராஜனைச் சாரட்டில் ஏற்றி, மேளதாளத்தோடு தெருத்தெருவாக அழைத்துப்போனார்கள் சின்னப்பம்பட்டி மக்கள். தங்கள் பிள்ளை ஜெயித்து வந்தான், கொண்டாடினார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாம் கண்டிப்பது வேறு ஆட்களை. ‘கிராமத்திலிருந்து ஒரு நட்சத்திரம்’ என்று வாழ்த்துச் செய்தி விட்டவர்களை. மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய அதிகாரிகளை, சங்க நிர்வாகிகளை, அரசியல்வாதிகளை. அவர் வறுமையை மேடையில் உருக்கமாகச் சொன்னவர்கள், வறுமையோடு சேர்த்து அவர் தாண்டவேண்டியிருந்த மற்றத் தடைகளைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அந்தத் தடைகளை வைத்தவர்கள் அவர்களே.

விஷயத்துக்கு வருவோம். நடராஜன் தோல் பந்தைத் தொட்டது ஏறத்தாழ இருபது வயதில். அதுவரைக்கும் டென்னிஸ் பந்து. கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. விதிப்படியான கிரிக்கெட் பந்து 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை. ஏறக்குறைய மூன்று மடங்கு. எடை குறைந்த பந்தில் வேகம் கொண்டுவரத் தோளையும் முழங்கையையும் சுண்டி இழுத்து வீச வேண்டும். பவுண்டரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பேட்டைத் தொட்டால் போதும், பந்து வேலிக்கு அப்பால். தப்பிக்க ஒரே வழி, மட்டையாளனின் கால்விரலைக் குறிவைத்துப் பந்தை இறக்குவது. அந்த மண்தரைதான் நடராஜனுக்கு யார்க்கரைக் கற்றுக்கொடுத்தது. 2020 ஐபிஎல் வெளியேற்று ஆட்டத்தில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்தப் பந்தை உலகமே பார்த்தது.

மண்தரை யார்க்கரைக் கொடுத்தது, கூடவே ஒரு குறையையும் கொடுத்தது. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். அந்த ஆட்டத்தோடு அவர் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். பந்து வீசும் கையின் முழங்கை 15 டிகிரிக்குமேல் நிமிரக் கூடாது என்பது விதி. 23 வயதில், எத்தனையோ கஷ்டப்பட்டு மாநில அணிக்குள் வந்த பையனை ‘உன் கையே சரியில்லை’ என்று திருப்பி அனுப்பினால் அவன் என்ன ஆவான்? நூற்றில் தொண்ணூறு பேர் பந்தைக் கீழே போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். நடராஜன் போகவில்லை. சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் துணையோடு, வீசும் முறையை அடியிலிருந்து மாற்றி எழுதினார். ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

இதே முழங்கையை அவனுடைய பதினான்காவது வயதில் ஒரு தகுதியான பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்று பார்த்திருந்தால்? ஒரு வாரத்தில் சொல்லியிருப்பார், ஆறு மாதத்தில் திருத்தியிருப்பார். தோல் பந்தைப் பதின்மூன்று, பதினான்கு வயதில் கையில் கொடுத்திருந்தால், அந்தச் சுண்டலே கைக்குப் படிந்திருக்காது. இதற்கு விஞ்ஞானி வேண்டாம். ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஒரு கூடை நிறையப் பந்துகள் போதும். சேலம் ஜில்லாவில் அது அந்தப் பையனுக்கு எட்டவில்லை. எட்டியது, அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்ற மனிதரின் நம்பிக்கை ஒன்றுதான். அவர்தான் ‘சென்னைக்குப் போ’ என்று பிடித்துத் தள்ளினார். ஒரு மாநிலத்தின் கிரிக்கெட் அமைப்பு முழுவதும் செய்யவேண்டிய வேலையை ஒரு தனிமனிதர் தன் கைக்காசிலும் பொழுதிலும் செய்தார்.

சென்னையில் என்ன கிடைத்தது? 2010-11இல் பிஎஸ்என்எல் அணிக்காக நான்காம் டிவிஷன் லீக். பிறகு விஜய் சிசி. பிறகு ஜாலி ரோவர்ஸ். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜாலி ரோவர்ஸ் கெம்பிளாஸ்ட் நிறுவனத்தின் அணி. கெம்பிளாஸ்டின் பெரிய ஆலை இருப்பது மேட்டூரில். சின்னப்பம்பட்டிக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். ஆலை சேலம் மாவட்டத்தில், புகை சேலம் மாவட்டத்தில், அணி மட்டும் சென்னையில். பக்கத்து ஆலையின் அணிக்கு ஆட ஒரு பிள்ளை 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, அறை எடுத்துத் தங்கி, மூன்று படி ஏறி வரவேண்டியிருந்தது. இதில் அந்த நிறுவனத்தை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் முதல் டிவிஷன் லீக் என்றாலே சென்னை லீக். ஆட்டங்கள் அங்கே, கிளப்புகள் அங்கே, தேர்வாளர்களின் கண்ணும் அங்கே. சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்த அஸ்வினுக்குச் சேப்பாக்கம் கூப்பிடு தூரம். அஸ்வின், வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் மூவரும் சென்னைப் பிள்ளைகள். அவர்கள் திறமையில் நமக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அவர்களுக்கு எட்டியது சின்னப்பம்பட்டிக்கு எட்டவில்லை, ஓசூருக்கு இன்னமும் எட்டவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

மிச்சக் கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) வந்தது. திண்டுக்கல் அணிக்காக ஆடியவரைப் பஞ்சாப் அணி 2017 ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டங்களோடு அந்த வருடம் முடிந்தது. அடுத்த இரண்டு வருடம் ஐதராபாத் அணியின் பெஞ்சில். 2020இல் 16 விக்கெட். வலையில் பந்து போட ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனவரை, மற்றவர்கள் காயம்பட்டு விழ விழ, ஒருநாள் ஆட்டம், டி20, டெஸ்ட் மூன்றிலும் இறக்கினார்கள். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. எதிரில் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் 6 ரன் மட்டுமே கொடுத்தார், இந்தியா 7 ரன்னில் வென்றது. அடுத்த மாதம் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதன்பின் 2022 ஐபிஎல்லில் 18 விக்கெட், 2024இல் 19 விக்கெட் எடுத்தும் இந்திய அணிக் கதவு திறக்கவில்லை. தேர்வாளர்களோடு உள்ள அந்த வழக்கை வேறொரு நாள் பேசலாம். 23 வயதில் அந்த அணிக்குள் நுழைந்திருக்க வேண்டியவர் 29இல் நுழைந்தார். ஒரு காயம் வந்ததும் மீண்டு வரக் காலம் மிச்சம் இருக்கவில்லை. நாம் பேசுவது அந்த ஆறு வருடத்தைப் பற்றி. அதைத் தின்றவர்கள் தேர்வாளர்கள் அல்லர்.

2023 ஜூனில் நடராஜன் ஒரு காரியம் செய்தார். சின்னப்பம்பட்டியில் தன் சம்பாத்தியத்தில் ஆடுகளங்களோடு ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். சங்கப் பிரமுகர்களும் வந்து வாழ்த்தினார்கள். 2019 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்த ஜி. பெரியசாமி, நடராஜன் கைதூக்கிவிட்ட பிள்ளை. அதாவது, இருபது வயதுவரை தோல் பந்து கிடைக்காத ஒருவர், அடுத்த பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று தன் பணத்தைப் போட்டார். இந்தியாவின் பணக்கார மாநிலச் சங்கங்களில் ஒன்றும், விளையாட்டுக்குத் தனி ஆணையம் வைத்திருக்கும் அரசும் அந்தத் திறப்புவிழாவில் கைதட்டும் இடத்தில் நின்றிருக்கக் கூடாது. வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி ஓசூருக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் காலி மனைக்கு நடுவில் மூன்று ஹாலோ பிளாக்கை அடுக்கி ஸ்டம்பாக வைத்திருப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவன் கழுத்தில் அடையாள அட்டையோடே ஃபீல்டிங் நிற்பான். ஒருவன் தமிழில் கத்துவான், ஒருவன் கன்னடத்தில், ஒருவன் தெலுங்கில். பந்தை அடித்தால் மதில் தாண்டி எவனுடைய பிளாட்டிலோ விழும். காவலாளி வந்து விரட்டுவார். அடுத்த மாதம் அந்த மனையிலும் கட்டடம் எழும்பும். ஆடுகிறவர்கள் இன்னொரு காலி மனை தேடுவார்கள். ஊர் ஊராக டென்னிஸ் பால் டோர்னமென்ட் போஸ்டர் ஒட்டுவார்கள், நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு என்று. சூளகிரியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் டெம்போ பிடித்து அணிகள் வரும். ஆசைக்கு இங்கே பஞ்சமில்லை.

பஞ்சம் எதற்கு? மாவட்ட நிர்வாகத்தை நேரடியாகக் கேட்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை சைக்கிளில் போய், காசு கட்டாமல், முறையான புல்தரை ஆடுகளத்தில், பயிற்சியாளர் பார்க்கத் தோல் பந்து வீசக்கூடிய பொது மைதானம் ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் எது? தொழிற்சாலை மதிலுக்குள் இருப்பதைக் காட்டாதீர்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் செயற்கைப் புல்லைக் காட்டாதீர்கள். மாதக் கட்டணம் வாங்கும் தனியார் அகாடமியைக் காட்டாதீர்கள். அந்திவாடி அரங்கத்தைச் சொல்வீர்கள். ஓட்டப்பந்தயமும் பல ஆட்டங்களும் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளன் உருவாக மாட்டான். ஒரு மைதானத்தைக் காட்டுங்கள், இந்தத் தலையங்கத்தில் இந்தப் பத்தியை நாங்களே திரும்பப் பெறுகிறோம்.

நிலம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லைக்கோடு 70 மீட்டர் வைத்தால் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்கு வேண்டியது நாலு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. சுற்றிலும் வலைப் பயிற்சிக்கும் ஓய்வறைக்கும் சேர்த்தால் ஆறு ஏக்கர் தாராளம். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. வரட்டும், வரவேற்கிறோம். 2,000 ஏக்கரைத் தேட முடிந்த அரசால் 6 ஏக்கரைத் தேட முடியாது என்றால், அது தேடவில்லை என்றுதான் பொருள். 1970களில் சிப்காட் வந்தது முதல் இந்த மண்ணில் விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஆட ஆறு ஏக்கர் திரும்பி வரவில்லை. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கு விடவேண்டும் என்று விதி இருக்கிறது. துண்டுதுண்டாக விடப்பட்ட அந்த இடங்களில் முள்ளும் குப்பையும்தான் விளைகின்றன.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் கொடுத்தார்கள். முதலமைச்சர் கோப்பையில் கிரிக்கெட்டையும் சேர்த்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால், பேட்டும் பந்தும் மூட்டையாக வந்து ஊராட்சி அலுவலக அலமாரியில் இருக்க, ஆடும் பையன் லாரி நிற்கும் மனையில் இருந்தால் அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கிரிக்கெட் சங்கத்துக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கடுமையானது. டிஎன்பிஎல் 2016இல் தொடங்கியது. மாவட்டங்களுக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுபோகிறோம் என்பதே அதன் முழக்கம். 2025 வரை அதன் ஆட்டங்கள் சென்னை, கோவை, திண்டுக்கல் மாவட்டம் நத்தம், திருநெல்வேலி, சேலம் மாவட்டம் வாழப்பாடி ஆகிய இடங்களில் நடந்திருக்கின்றன. ஓசூரில் இல்லை. கிருஷ்ணகிரியில் இல்லை. தருமபுரியில் இல்லை. அணிகளின் பெயர்களில் திருச்சி உண்டு, மதுரை உண்டு, திருப்பூர் உண்டு, நெல்லை உண்டு. மாநிலத்தின் மோட்டார் வாகனத் தொழிலின் முதுகெலும்பு என்று மேடைதோறும் புகழப்படும் ஓசூரின் பெயர் இல்லை. ‘மாவட்டங்களுக்கிடையே வயதுவாரிப் போட்டி நடத்துகிறோம், கிருஷ்ணகிரிக்கும் மாவட்டச் சங்கம் உண்டு’ என்று பதில் வரும். உண்டு, போட்டியும் நடக்கிறது. வருடத்தில் சில நாள் நடக்கும் அந்தப் போட்டிக்கு வருகிறவன் மிச்ச நாளெல்லாம் எங்கே பந்து வீசினான் என்று யாராவது கேட்டீர்களா? காசு கட்டிப் பெங்களூருக்கு அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளையைத்தானே அந்த முகாமில் பெரும்பாலும் பார்க்கிறீர்கள்?

பெங்களூர் என்றதும் எல்லைக் கதையையும் சொல்லியாக வேண்டும். ஓசூரிலிருந்து சின்னசாமி மைதானம் 40 கிலோமீட்டர். சேப்பாக்கம் 300 கிலோமீட்டருக்கு மேல். ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். வசதியுள்ளவர்கள் விடிகாலையில் பிள்ளையை வண்டியில் ஏற்றி அந்தப் பக்கம் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பயிற்சி அங்கே; ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இங்கே. மாநில அணித் தேர்வென்று வரும்போது அங்கே ‘நீ தமிழ்நாடு’ என்பார்கள்; இங்கே அவன் ஆடிப் பார்த்தவர் யாருமில்லை. சிலர் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கர்நாடகம் நம் பிள்ளைகளைப் பறிக்கிறது என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை. வாசலில் நிற்கிறவனுக்குச் சோறு போடாதவன், அடுத்த வீட்டுக்காரன் போட்டான் என்று கோபிக்க முடியாது.

தொழிற்சாலைகளும் இதில் தப்ப முடியாது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொடங்கி, டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஏத்தர், பர்கூர் பக்கம் ஓலா என்று இன்றைக்கு இந்த வட்டாரத்தில் இல்லாத பெரிய பெயர் குறைவு. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்குமேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுக்கும் தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுக்கும் பயிற்சி அளிப்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று தனித்தனியாகக் கணக்கெடுக்க இது இடமில்லை, கூட்டாகக் கேட்கிறோம். இத்தனை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது மைதானம், நிரந்தரப் பயிற்சியாளர் நால்வர், ஒரு உடலியக்க மருத்துவர் என்று ஏற்பாடு செய்ய முடியாதா? ஒரு காலத்தில் வங்கிகளும் ஆலைகளும் கிரிக்கெட் அணி வைத்து, ஆடுகிற பையனுக்கு வேலையும் கொடுத்தன. நடராஜனுக்குச் சென்னையில் முதல் படி கொடுத்ததே ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அணி. இன்றைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக எடுத்து, ஷிப்டை வாரம் ஒருமுறை மாற்றி, ஒரு நாள் ஆட்டத்துக்குப் போனால் சம்பளத்தைப் பிடிக்கும் ஏற்பாட்டில் எவன் ஆடுவான்?

பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. இந்த வட்டாரத்து மின்னணு ஆலைகளில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் கடப்பா மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த ஸ்ரீ சரணி இருந்தார். மத்தியப் பிரதேசம் சத்தர்பூர் மாவட்டத்தில் டென்னிஸ் பந்தோடு தொடங்கிய கிராந்தி கௌட் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. 2022 முதல் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம், ஒரு டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய். ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் தலைமுறையையே மாற்றும் பணம். ஓசூர்ப் பெண்ணுக்கு அதை நோக்கி நடக்க முதல் அடி வைக்கும் இடம் எங்கே?

‘நடராஜன் எதுவும் இல்லாமலே ஜெயிக்கவில்லையா?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள், இந்த வாதம்தான் நம்மை மிகவும் கோபப்படுத்துகிறது. ஒருவர் ஜெயித்தார். அவரோடு அதே மண்ணில் அதே டென்னிஸ் பந்தை வீசி, இருபத்திரண்டு வயதில் தறிக்கும் ஆலைக்கும் போனவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? ஜெயித்தவரும் ஆறு வருடம் இழந்துதான் ஜெயித்தார். ஏழைப் பிள்ளையின் பிடிவாதத்தையே திட்டமாக நினைத்துக்கொண்டு சங்கமும் அரசும் சும்மா இருப்பது அநியாயம். அதைக் கண்டிக்கிறோம்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஓசூர் சிப்காட் எல்லைக்குள்ளோ மாநகராட்சி எல்லைக்குள்ளோ ஆறு ஏக்கரை அரசு ஒதுக்கி, பொது மைதானம் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும், நாளைக்கு அதில் கல்யாண மண்டபம் எழும்பாதபடி. மண்ணும் ஆடுகளமும் கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பு. பன்னிரண்டு வயதிலிருந்து தோல் பந்தும் பாதுகாப்புக் கவசங்களும் இலவசமாக, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒன்றுபோல். வருடத்துக்கு இரண்டுமுறை சங்கத்தின் பயிற்சியாளர்கள் கேமராவோடு இங்கே வந்து ஒவ்வொரு பந்துவீச்சாளனின் முழங்கையையும் பார்த்துச் சொல்ல வேண்டும், இன்னொரு பையன் 23 வயதில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க. மாவட்டத் தேர்வை ஊரறிய அறிவித்து, ஷிப்டில் இருப்பவனும் வந்து சேரும்படி ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும். மாவட்டத்தில் தேர்வாகிறவனுக்குச் சென்னை லீக்கில் இடமும் தங்குமிடமும் சங்கத்தின் செலவில். நிறுவனங்கள் ஆட்ட நாட்களைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக்க வேண்டும். அவர்களின் சமூகப் பொறுப்பு நிதியில் எவ்வளவு இந்த மாவட்ட விளையாட்டுக்குப் போனது என்பதைத் தமிழில் எழுதி ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். டிஎன்பிஎல் ஆட்டம் ஒன்றை இங்கே நடத்துவது அதற்கெல்லாம் பிறகு. கச்சேரியை முதலில் வைத்து ஊரைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

இந்தக் கோரிக்கைகளில் ஒன்றுகூட நிறைவேற முடியாதது அல்ல. பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம். பாதிக்குப் புதிய பணம்கூட வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர், ஓசூர் மாநகராட்சி ஆணையர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், சிப்காட் நிர்வாகம் ஆகிய ஐவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அடுத்த லீக் சீசன் தொடங்குவதற்குள் நிலத்தின் சர்வே எண்ணோடு எழுத்துபூர்வமாக அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்வரை நடராஜன் பெயரை எந்த மேடையிலும் எடுக்காதீர்கள்.